வாக்நக்: புலிநகம் உண்மையில் சண்டைக்கு உதவுமா?

கேள்வி இது: வாக்நக் எனப்படும் புலிநகம் உண்மையிலேயே சண்டைக்கு உதவிய ஆயுதமா, இல்லை மராத்திய அரசர் சிவாஜியின் கதையால் மட்டும் பேர் வாங்கியதா? நான்கு வளைந்த நகங்களை வைத்துக்கொண்டு வாள் பிடித்த ஒருவனை என்ன செய்துவிட முடியும்? இன்றைக்குத் தற்காப்புக்காக ஒருவர் அதைப் பையில் வைத்திருந்தால் பயன் உண்டா?

சுருக்கமாகச் சொன்னால், உதவும். ஆனால் எதிராளி உங்களைக் கட்டிப்பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் உதவும். ஓர் எட்டு தள்ளி நின்றாலே அது விரலில் மாட்டிய வளையம்தான். அந்த நெருக்கத்திலும் அது வேலையைத் தொடங்கிவைக்கும். முடித்துவைக்க மறு கையில் வேறொன்று வேண்டும். சிலம்பத்தில் குத்துவரிசையும் (வெறுங்கைக் குத்து முறை) பிடிவரிசையும் (எதிராளியைப் பிடித்துப் பூட்டும் முறை) பல ஆண்டுகள் பழகியவன் நான். பழைய ஆயுதங்களைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தற்காப்பு பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் ஊரில் புலிநகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தங்கப் பூண் கட்டிச் சங்கிலியில் கோத்துப் போடும் பதக்கம். அது உண்மையான விலங்கின் நகம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை உரிய சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். நாம் பேசுவது எஃகில் செய்த ஆயுதத்தைப் பற்றி. மராத்தியில் 'வாக்' என்றால் புலி, 'நக்' என்றால் நகம். இந்தியில் அதுவே பாக் நக். உள்ளங்கையின் குறுக்கே அடங்கும் ஒரு சிறிய உலோகப் பட்டை. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். ஒன்றில் ஆள்காட்டி விரலும் மற்றதில் சுண்டு விரலும் நுழையும். பட்டையின் உட்பக்கத்திலிருந்து நான்கோ ஐந்தோ நகங்கள் வளைந்து நிற்கும். சில வகைகளில் பட்டையின் ஒரு முனையில் சிறு கத்தியும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கத்தியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

மறைத்து வைப்பதில் அதற்கு இணை இல்லை. கையை லேசாக மடக்கினால் நகங்கள் விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். புறங்கையைப் பார்ப்பவனுக்கு இரண்டு விரல்களில் மோதிரம் போட்டிருப்பதுபோல் தெரியும். தக்காணத்துப் பிரபுக்கள் எல்லா விரலிலும் மோதிரம் போட்டுத் திரிந்த காலத்தில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இடுப்பில் கத்தி வைத்தால் வீக்கம் தெரியும், மடியைத் தடவினால் அகப்படும். கைக்குள் இருப்பது அப்படி அகப்படாது. இன்னொரு வசதி, அதை உருவ வேண்டியதில்லை. உறையிலிருந்து கத்தியை எடுக்க ஒரு நொடி வேண்டும். உங்கள் கழுத்தை ஒருவன் இறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி கிடைக்காது. புலிநகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. விரலை விரித்தால் போதும்.

சரி, விரித்த பிறகு? இங்கேதான் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். திரைப்படங்களிலும் ஓவியங்களிலும் நகங்கள் முட்டியின் மேற்பக்கத்திலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் காட்டுவார்கள். அப்படியென்றால் குத்துவிடலாம். உண்மையான வாக்நக்கில் நகங்கள் உள்ளங்கைப் பக்கம் இருக்கின்றன. ஆகவே குத்த முடியாது. அறைந்து, பற்றி, தன் பக்கம் இழுக்க வேண்டும். பூனை பிராண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அசைவுக்குக் கை மடங்கியிருக்க வேண்டும், எதிராளியின் உடல் உங்கள் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கையை முழுதும் நீட்டி அறைந்தால் நகம் தொடும், ஆனால் இழுக்கும் வலு இருக்காது.

இதை நானே பார்க்க ஆசைப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைக் கண்காட்சியில் இரும்பில் செய்த நகல் ஒன்று கிடைத்தது. அழகுப்பொருளாக விற்றார்கள், ஆனால் முனைகள் கூர்மையாகவே இருந்தன. வைக்கோல் திணித்த சாக்கின்மேல் பழைய பருத்திச் சட்டை ஒன்றை மாட்டி, ஆசானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயன்றேன். முதல் அறையில் நகங்கள் சட்டையைத் தாண்டிச் சாக்கில் ஏறிவிட்டன. இழுத்தேன். கிழியும் என்று நினைத்தால், நகங்கள் சாக்கு இழையில் சிக்கிக்கொண்டு சாக்கே என்னோடு வந்தது. அந்தப் பாரம் முழுவதும் சுண்டு விரலில் இருந்த வளையத்தில் இறங்கி, விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. நம் கையில் மிகவும் வலுக்குறைந்த விரல் அது. புலிநகம் தன் பாதிச் சுமையை அதில்தான் ஏற்றுகிறது. வளையம் விரலுக்குச் சரியான அளவில் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பட்டை உருண்டு நகங்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒருவர் கைக்குச் செய்ததை இன்னொருவர் மாட்டிக்கொண்டு சண்டை போட முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது முயற்சியில் சட்டையை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துத் தைத்த பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றை மடித்துச் சுற்றினோம். மேல்துணியில் நான்கு கோடுகள் விழுந்தன, அவ்வளவுதான். பஞ்சு வைத்துத் தைத்த அங்கி அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சாதாரணமாகப் போட்டுக்கொண்ட கவசம். அதன்முன் புலிநகம் ஒன்றும் செய்ய முடியாது. சங்கிலிக் கவசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் ஆசான் என்னிடம், "அந்தக் கையாலேயே கம்பை எடு" என்றார். எடுக்க முடியவில்லை. விரல்களை முழுதும் மடக்கினால் நகம் என் உள்ளங்கையைத்தான் குத்துகிறது. எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கவும் முடியாது, விழும்போது தரையில் கையூன்றவும் முடியாது, ஓடும்போது ஒரு கயிற்றைப் பற்றவும் முடியாது. புலிநகத்தை மாட்டிய கை மற்ற எல்லா வேலைகளுக்கும் இல்லாத கை. பிடிவரிசை பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். நெருங்கிய சண்டையில் பிடிதான் பாதி உயிர்.

காயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புலிநகம் உண்டாக்கும் காயம் அகலமானது, பார்க்க அச்சமூட்டுவது, நிறைய இரத்தம் போகும். ஆனால் ஆழம் குறைவு. ஒருவனை உடனே நிறுத்தவேண்டுமென்றால் பெரிய இரத்தக்குழாயையோ உள்ளுறுப்பையோ எட்ட வேண்டும். வளைந்த, குட்டையான நகம் தோலையும் கொழுப்பையும் கிழிக்கும்; தசைக்குள் போகப் போக நான்கு நகங்களும் சேர்ந்து தடை கொடுக்கும். ஒரே விசையை நான்காகப் பங்கு போடுவதால் ஒவ்வொரு முனைக்கும் கிடைப்பது கால்வாசிதான். முகம், கழுத்து, முன்கை ஆகிய இடங்களில் அது பயங்கரமாக வேலை செய்யும். அங்கே தசை மெல்லியது, நரம்பும் குழாய்களும் மேலாகவே ஓடுகின்றன. கண்ணுக்குமேல் கிழித்தால் வழியும் இரத்தமே எதிராளியைக் குருடாக்கிவிடும். பருத்த உடம்புக்காரனின் வயிற்றில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

பேர் கொடுத்த விலங்கையே கவனியுங்கள். புலி நகத்தால் கொல்வதில்லை. நகத்தால் பற்றி, இழுத்து, சாய்த்து, அசையவிடாமல் வைத்துக்கொண்டு, தொண்டையையோ பிடரியையோ கோரைப்பல்லால் கவ்வித்தான் கொல்கிறது. நடக்கும்போது நகங்களை உறைக்குள் இழுத்துக்கொள்ளும். வேண்டும்போது மட்டும் வெளியே வரும். இந்த ஆயுதத்துக்கு யார் பேர் வைத்தார்களோ, அவர்கள் புலியை நன்றாகப் பார்த்தவர்கள். மறைந்திருந்து வெளிவருவது, பிடித்துக் கிழிப்பது இரண்டும் நகத்தில் இருக்கின்றன. பல் வேறு கையில் இருக்கவேண்டும். அந்தப் பல்தான் பிச்சுவா.

பிச்சுவா என்ற சொல் நமக்குப் புதிதல்ல; 'பிச்சுவாக் கத்தி' என்று நாம் பேச்சில் சொல்வதும் இதுதான். வடக்கே 'பிச்சுவா' என்றால் தேள் தொடர்பான பெயர். தேள் கொடுக்கைப்போல் வளைந்து, இருபுறமும் கூரான, கைப்பிடி ஒரு வளையமாக மடிந்திருக்கும் குறுவாள். எருமைக் கொம்பிலிருந்து செய்த கத்தியைப் பார்த்துப் பிறகு எஃகில் செய்தது என்பதை அதன் வளைவே சொல்லும். சட்டைக்கையில் ஒளித்துவைக்கலாம். சில கொல்லர்கள் பிச்சுவாவையும் புலிநகத்தையும் ஒரே ஆயுதமாகவே இணைத்துச் செய்தார்கள். நான் மேலே சொன்ன, முனையில் கத்தி சேர்ந்த வகை அதுதான். நகம் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் அந்தக் கத்தியைச் சேர்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு வந்திருக்காது.

இனி 1659, நவம்பர் 10. பிரதாப்கட் கோட்டையின் அடியில் நடந்த அந்தச் சந்திப்பை எல்லோரும் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறார்கள்: சிவாஜி புலிநகத்தால் அஃப்சல் கானின் வயிற்றைக் கிழித்தார். கேள்வி கேட்டவர் அறிய விரும்பும் விஷயம் அந்த ஒரு வரிக்குள் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

அஃப்சல் கான் பீஜப்பூர் அடில் ஷாஹி அரசின் தளபதி. நெடிய, பெருத்த உடம்பு. சிவாஜி அவரது தோள் உயரம்தான் என்பார்கள். கான் பெரும் படையோடு வந்தார். சிவாஜி சமவெளியில் மோத மறுத்து, ஜாவளிக் காடுகளுக்குள் பிரதாப்கட்டில் இருந்துகொண்டு, பேச்சுவார்த்தைக்கு இணங்குவதுபோல் கானை மலையடிவாரத்துக்கு வரவழைத்தார். இரண்டு பக்கமும் தூதர்கள் போய்வந்து, இருவரும் ஒரு சில மெய்க்காவலர்களோடு மட்டும் கூடாரத்தில் சந்திப்பது என்று முடிவானது. சமாதானப் பேச்சு என்று அழைத்துக் கொல்வது கானுக்குப் பழக்கம் என்ற பேச்சு அப்போதே உண்டு. சிராவை ஆண்ட கஸ்தூரி ரங்கன் அப்படித்தான் இறந்தார் என்று சொல்வார்கள். ஆக, அந்தக் கூடாரத்துக்குள் வெறுங்கையோடு போக முடியாது. சந்தித்ததும் கட்டித் தழுவுவது மரியாதை. எந்தத் தூரத்தில் சண்டை நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது: தழுவும் தூரம். புலிநகத்துக்கு வேறு எந்தப் போர்க்களத்திலும் கிடைக்காத இடம் அது.

சிவாஜி என்னென்ன போட்டுக்கொண்டு போனார் என்று பாருங்கள். அங்கிக்கு அடியில் சங்கிலிக் கவசம். தலைப்பாகைக்கு அடியில் இரும்புத் தொப்பி. இடது கையில் புலிநகம். வலது சட்டைக்கையில் பிச்சுவா. கூடவே வாள்வீச்சில் தேர்ந்த ஜிவா மகாலா. கூடாரத்துக்கு வெளியே காடு முழுக்க மறைந்திருந்த படை. வேலை முடிந்ததும் கோட்டையிலிருந்து பீரங்கி ஒலி கேட்டவுடன் பாய்வதற்குத் தயாராக. கான் பக்கம் மெல்லிய அங்கி, கவசம் இல்லை. தன் உடல் வலுவை நம்பி வந்திருந்தார்.

தழுவியபோது கான் சிவாஜியின் கழுத்தை இடது கையால் இறுக்கிக்கொண்டு, வலது கையால் குறுவாளை உருவி விலாவில் குத்தினார். சங்கிலிக் கவசம் அதைத் தடுத்தது. சிவாஜியைக் காப்பாற்றியது முதலில் அந்தக் கவசம்தான். அது இல்லாவிட்டால் கைக்குள் எந்த நகம் இருந்தும் பயனில்லை. கழுத்து இறுகி மூச்சு முட்டிய நிலையில் அவரது இடது கை கானின் இடுப்பைச் சுற்றிப் போய்க் கிழித்தது. உடனே வலது கை பிச்சுவாவை விலாவில் இறக்கியது. பிடி தளர்ந்தது. சிவாஜி உதறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் முக்கியம். கான் அந்த இடத்திலேயே சாகவில்லை. கூவி ஆட்களை அழைத்தார். கானின் ஆளான சையத் பண்டா என்ற வாள்வீரன் பாய்ந்து வந்து சிவாஜியின் தலையில் வெட்டினான். தலைப்பாகை கிழிந்தது, இரும்புத் தொப்பி நெளிந்தது. அவன் மறுபடியும் ஓங்குவதற்குள் ஜிவா மகாலா அவன் கையை வெட்டிச் சாய்த்தார். 'ஜிவா இருந்தான், அதனால் சிவா பிழைத்தான்' என்று மராத்தியில் இன்றும் பழமொழியாகச் சொல்கிறார்கள். காயம்பட்ட கானைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்; சிவாஜியின் வீரர் சம்பாஜி காவ்ஜி பல்லக்குத் தூக்கிகளின் காலை வெட்டி, பல்லக்கு விழுந்ததும் கானின் தலையை எடுத்தார். புலிநகமும் பிச்சுவாவும் சேர்ந்து பட்ட பிறகும் ஒரு மனிதர் கூவினார், பல்லக்கில் ஏற்றப்படும்வரை உயிரோடிருந்தார். அந்த ஆயுதம் செய்த வேலை என்ன என்றால், இரும்புப்பிடியாக இருந்த ஒரு கையைத் தளரவைத்தது. அந்த நொடிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் உதவி அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லா மூலங்களும் புலிநகத்தைக் காட்டவில்லை. சிவாஜி காலத்திலேயே, அவருடைய ஆதரவில் எழுதப்பட்ட பரமானந்தரின் சிவபாரதம் என்ற சமஸ்கிருதக் காவியம், கானின் வயிற்றில் பாய்ந்தது வாள் என்கிறது. புலிநகத்தையும் பிச்சுவாவையும் சொல்பவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத். அவர் சிவாஜியின் வரலாற்றை எழுதியது நம் செஞ்சியில். சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகைக்குள் அங்கிருந்து ஆண்டபோது, 1690-களில், அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் சபாசத் எழுதினார். கான் மெல்லிய அங்கிதான் போட்டிருந்தார், புலிநகம் பட்டதும் குடல் வெளியே வந்தது என்கிறார் சபாசத். அங்கியின் மென்மையை அவர் தனியாகக் குறிப்பிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும்; ஆயுதத்தின் குறை தெரிந்தவரின் பேச்சு அது. கவசம் போட்டிருந்தால் நடந்திருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. குடல் சரிந்தது நகத்தால் மட்டும்தானா என்று கேட்டால், பிச்சுவாவின் குத்தும் சேர்ந்துதான் என்பேன். செஞ்சி மலையேறும் ஒவ்வொரு முறையும், இந்தக் கதை எழுத்தானது இங்கேதான் என்ற நினைப்பு எனக்கு வரும்.

புலிநகத்தால் எவ்வளவு சீக்கிரம் ஒருவனைச் சாய்க்கலாம் என்பதற்கு இன்னொரு சான்று பரோடாவிலிருந்து கிடைக்கிறது. 1860-களில் லூயி ரூசலே என்ற பிரெஞ்சுப் பயணி அங்கே மன்னர் கண்டேராவ் கெய்க்வாடின் அரண்மனையில் 'நக்கி கா குஸ்தி' என்ற மல்யுத்தத்தைப் பார்த்தார். மல்லர்கள் வலது முட்டியில் கொம்பால் செய்த நகங்களைத் தோல்வாரால் கட்டிக்கொண்டு மோதினார்கள். முன்காலத்தில் எஃகு நகங்களே இருந்தனவாம். பிறகு கொம்புக்கு மாறியிருக்கிறது. பாங் என்ற கஞ்சா பானம் குடித்த மயக்கத்தில் பாடிக்கொண்டே ஒருவர்மீது ஒருவர் பாய, தலையும் முகமும் இரத்தத்தில் நனைந்தன. மன்னர் வெறிகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ரூசலேவால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. இந்த விளையாட்டில் ஆள் செத்ததும் உண்டு. இது மனிதர்களை வதைத்த கேளிக்கை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆயுதத்தைப் பற்றி அது ஒரு செய்தி சொல்கிறது. ஏறக்குறைய வெற்றுடம்போடு நிற்கும் இரண்டு பேர் நகங்களால் மாறி மாறிக் கிழித்துக்கொண்டும் மோதல் நீடித்திருக்கிறது. இரண்டு பேர் கையிலும் பிச்சுவா இருந்திருந்தால் நான்கைந்து மூச்சுக்குள் முடிந்திருக்கும். வேடிக்கை நீளவேண்டும் என்பதால்தான் அரசர்கள் நகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

மைசூர் தசராவில் ஜட்டி எனப்படும் மல்லர் குலத்தார் நடத்தும் வஜ்ரமுஷ்டி என்ற மல்யுத்தமும் இதற்குச் சொந்தம்தான். அங்கே முட்டியில் மாட்டுவது கூர்முனைகள் கொண்ட பிடி. நகம் போல் வளைந்ததல்ல. இப்போது தலையில் முதல் துளி இரத்தம் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

நம் பக்கத்து ஆயுதங்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சிலம்பத்தில் மான்கொம்பு இருக்கிறது. இரண்டு கொம்புகளை எதிரெதிராகக் கட்டியது. அதுவும் நெருக்கத்துக்கு உரியதுதான், ஆனால் கம்பைத் தடுக்கலாம், குத்தலாம், முன்னும் பின்னும் முனை இருப்பதால் கையைத் திருப்பாமலே தாக்கலாம். கட்டாரியை எடுத்துக்கொண்டால், முட்டிக்கு நேராக அலகு வருவதால் குத்தின் முழு வலுவும் முனைக்குப் போகும். தஞ்சை மராத்தியர் ஆயுதசாலையிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த கட்டாரிகளைப் பார்த்தால் முனையைத் தடிப்பாகச் செய்திருப்பது தெரியும், சங்கிலிக் கவசத்தைத் துளைப்பதற்காக. இவற்றோடு வைத்துப் பார்த்தால் புலிநகம் தடுக்காது, துளைக்காது, எட்டாது. மறைவதில் மட்டும் இரண்டையும் மிஞ்சும். ஆகவே ஒரு படை வீரனுக்கு இது முதல் ஆயுதமாக இருந்திருக்க முடியாது. பஞ்சாபின் நிஹங் என்ற போர்வீரச் சீக்கியர்கள் இதை வைத்திருக்கும் முறை சரியானது: தலைப்பாகையில் செருகியிருப்பார்கள், அல்லது வலது கையில் வாள் இருக்கும்போது இடது கையில் மாட்டுவார்கள். வாளைத் தாண்டி ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டால் அவனுக்காக.

சிவாஜியின் புலிநகம் என்று காட்டப்படுவது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. 1818-இல் பேஷ்வா எனப்பட்ட மராத்தியப் பிரதமர்களின் ஆட்சி முடிந்தபின் சாதாராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் கிராண்ட் டஃப்புக்குக் கொடுக்கப்பட்டு, அவர் குடும்பத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் பேழையில் உள்ள வாசகம், சிவாஜி இதனால் 'முகலாயத் தளபதி'யைக் கொன்றார் என்கிறது. அஃப்சல் கான் முகலாயர் அல்ல, பீஜப்பூர்க்காரர். எழுதியவருக்கு அந்த அளவுக்குத்தான் தெரிந்திருக்கிறது. 1659-இல் சிவாஜி கையில் இருந்தது இதுதான் என்று உறுதிசெய்ய முடியாது என்று அந்த அருங்காட்சியகமே சொல்கிறது. 2024 ஜூலையில் மூன்று ஆண்டுக் கடனாக மகாராஷ்டிரத்துக்கு வந்து, சாதாரா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது. உறுதி இல்லாவிட்டாலும், அந்தக் காலத்துக் கைவேலையை நம் மண்ணில் வைத்துப் பார்ப்பது பெரிய விஷயம்.

சரி, தற்காப்பு. இன்றைக்கு இதைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சட்டத்துக்கு முன் இயல்பைப் பார்ப்போம். பையில் இருக்கும் புலிநகம் புலிநகமே அல்ல. அதன் ஒரே பலம் ஏற்கெனவே கையில் மாட்டியிருப்பது. தெருவில் ஒருவன் மேலே பாயும்போது பையைத் திறந்து, சரியான பக்கம் பார்த்து, இரண்டு விரல்களையும் இரண்டு வளையத்தில் நுழைக்க நேரம் இருக்காது. நேரம் இருந்தால் அந்த நேரத்தில் ஓடிவிடலாம். எப்போதும் மாட்டிக்கொண்டே நடந்தால் பேருந்துக் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாது. மாட்டியே விட்டீர்கள் என்றாலும், அது எதிராளியை விலக்கும் ஆயுதம் இல்லை; அவனை உங்கள் மேலேயே இழுக்கும் ஆயுதம். தற்காப்பில் தேவை இடைவெளி. இது இடைவெளியை மூடச் சொல்கிறது. சிவாஜியிடம் அதற்குச் சங்கிலிக் கவசம் இருந்தது.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. தன்னைக் காத்துக்கொள்ள நம் சட்டம் உரிமை தருகிறது, ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயம் உண்டாக்க அனுமதிப்பதில்லை. முகத்தைக் கிழிப்பதற்காகவே செய்த, மறைத்துவைப்பதற்காகவே செய்த ஒரு பொருள் உங்கள் பையில் கிடைத்தால், நீங்கள் முன்கூட்டியே திட்டமிட்டு வந்தீர்கள் என்று வாதிடுவது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எளிது.

உண்மையிலேயே தற்காப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் சிலம்பக் கூடத்தில் சேர்ந்து பிடிவரிசை கற்றுக்கொள்ளுங்கள். கழுத்தை இறுக்கும் கையைத் தளரவைக்கும் பூட்டு அங்கே முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள். புலிநகம் பிரதாப்கட்டில் செய்த வேலையை அது வெறுங்கையால் செய்யும். ஆயுதத்தின் மேல் உள்ள ஆசைக்கு, புலிநகம் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது புலிநகத்தை மேலே இருந்து மட்டும் பார்க்காமல், குனிந்து அந்த இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். உங்கள் கையை அதன் எதிரே கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய கைக்காரனுக்குச் செய்தது என்பது அப்போது தெரியும்.